மார்கழி அதிகாலையில் வண்டி புறப்படவில்லையா? பாட்டரியை மாற்றுமுன் சார்ஜைப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் டிராக்டரும் சிறு சரக்கு வண்டியும் அதிகாலையில் எளிதில் புறப்படாமல் தொல்லை கொடுப்பது உண்டு. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம், அவிநாசி, பெருமாநல்லூர் பகுதிகளில் காய்கறியும் கீரையும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு இது சாதாரணத் தொல்லை அன்று. முதல் நாள் மாலை பறித்த காயும் கட்டி வைத்த கீரையும் விடியுமுன் உழவர் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பால் கறந்தவுடன் சங்கத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் நல்ல விலை கிடைக்கும் நேரம் கடந்துவிடும். கீரை கூடையிலேயே வாடிவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. "குளிரில் பாட்டரி இறங்கிவிட்டது" என்று கருதிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பாட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். சில நாட்கள் வண்டி நன்றாகப் புறப்படுகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் பழைய கதை திரும்புகிறது. காரணம், பழுது பாட்டரியில் மட்டும் இல்லை. பாட்டரிக்கு வந்து சேர வேண்டிய சார்ஜில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பாட்டரியை மாற்றுவது, ஓட்டைத் தொட்டியில் மீண்டும் மீண்டும் தண்ணீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

குளிர் எவ்வளவு குற்றவாளி?

குளிரினால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, பாட்டரியின் உள்ளே நடைபெறும் ரசாயன மாற்றம் மந்தமாகிறது. ஆகவே பாட்டரி கொடுக்கும் சக்தி குறைகிறது. இரண்டாவதாக, என்ஜின் எண்ணெயும் கியர் பெட்டி எண்ணெயும் தடிப்பாகின்றன. என்ஜினைச் சுற்றுவதற்குச் செல்ஃப் மோட்டார் கூடுதலான மின்சாரத்தை இழுக்கிறது. மூன்றாவதாக, குளிர்ந்த பாட்டரி சார்ஜை மெதுவாகவே ஏற்றுக்கொள்கிறது. கொடுப்பது குறைவு, கேட்பது அதிகம், வாங்குவதோ தாமதம் என்ற நிலை ஏற்படுகிறது.

இது உண்மையே. ஆனால் இது எந்த அளவுக்கு என்பதைப் பார்க்க வேண்டும். பாட்டரியைச் சுற்றியுள்ள வெப்பம் 0 டிகிரி சென்டிகிரேட் ஆகும்போது அதன் சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீலகிரியில் உறைபனி விழும் இரவுகளில்தான் அத்தகைய குளிர் ஏற்படுகிறது. அங்கும் காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வண்டிகள் அதிகாலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் டிராக்டர்கள் புறப்படுகின்றன. அனுப்பர்பாளையத்தில் மார்கழி விடியற்காலையில் வெப்பம் பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டியே இருக்கும். இந்த அளவுக் குளிரில் நல்ல பாட்டரியின் சக்தி சிறிதளவே குறையும். நல்ல நிலையில் உள்ள வண்டி இந்தக் குளிரில் தடங்கல் இல்லாமல் புறப்பட வேண்டும்.

புறப்படவில்லை என்றால், குளிர் வருமுன்பே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள். குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

கோடையிலும் மழையிலும் நேர்ந்த கேடு

பாட்டரிக்கு உண்மையான பகைவன் வெப்பம். பாட்டரியின் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசி மாதங்களில் டிராக்டர் என்ஜின் அருகில் உள்ள பாட்டரி, வெளி வெயிலைக் காட்டிலும் அதிகச் சூட்டில் வேலை செய்கிறது. உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகிறது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் குறைந்தால், அந்தப் பகுதி காய்ந்து பயனற்றுப் போகிறது.

அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிலம் ஈரமாக இருப்பதால் டிராக்டர் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. வேலை செய்யாத பாட்டரியும் தானாகவே சிறிது சிறிதாகச் சார்ஜை இழக்கிறது. சார்ஜ் குறைந்த நிலையில் பல நாட்கள் கிடந்தால், ஈயத் தகடுகளின் மேல் வெள்ளைப் படிவம் ஏற்பட்டு இறுகிவிடுகிறது. படிவம் இறுகிய தகடு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் முன்போல் ஏற்றுக்கொள்ளாது.

ஆகக் கோடையில் தண்ணீர் குறைந்ததும், மழையில் சார்ஜ் குறைந்ததும் மார்கழியின் முதல் குளிரில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

வரவும் செலவும்

பாட்டரி மின்சாரத்தை உற்பத்தி செய்யும் சாதனம் அன்று. சேமித்து வைக்கும் சாதனம். என்ஜின் ஓடும்போது அதனுடன் பெல்ட்டால் இணைக்கப்பட்ட ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்குகிறது. பழைய டிராக்டர்களில் இந்த வேலையை டைனமோ செய்கிறது. ரெகுலேட்டர் என்ற பகுதி அந்த மின்சாரம் அளவோடு பாட்டரிக்குச் செல்லும்படி பார்த்துக்கொள்கிறது.

இதன் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டீசல் என்ஜினைப் புறப்படச் செய்யச் செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 விநாடியில் செலவாவது அரை ஆம்பியர்-மணிக்குச் சற்று அதிகம். பாட்டரிக்கு 10 ஆம்பியர் வீதம் சார்ஜ் திரும்பினால், ஐந்து நிமிட ஓட்டத்தில் இந்தச் செலவு ஈடாகிவிடும். ஆனால் குளிரில் 250 ஆம்பியர் வீதம், ஒவ்வொரு முறையும் 15 விநாடியாக, நான்கு முறை முயன்றால் 4 ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகிறது. அதை ஈடு செய்ய அரை மணி நேர ஓட்டம் தேவை.

இந்தப் பகுதியில் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் சிலர், காலையில் சந்தைக்குக் காய் ஏற்றுகிறார்கள். பகலில் பனியன் கம்பெனிகளுக்கு வாடகைக்குத் துணி ஏற்றுகிறார்கள். சாயப்பட்டறையிலிருந்து தையல் கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மற்றொரு இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் என்று குறுகிய ஓட்டமாக ஓட்டி, ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை என்ஜினை நிறுத்திப் புறப்படச் செய்தால், செலவு ஒவ்வொரு முறையும் உண்டு; வரவுக்கு நேரம் இல்லை. இத்துடன் முகப்பு விளக்குகளும் பின் விளக்குகளும் எரிந்தால் சுமார் 11 ஆம்பியர் அவற்றுக்கே போய்விடும். என்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, விளக்கைப் போட்டபடி சந்தை வாசலில் வரிசையில் நிற்கும்போது, ஆல்டர்னேட்டர் கொடுப்பது விளக்குக்கே போதாமல் பாட்டரியிலிருந்து இறங்குவதும் உண்டு. டைனமோ உள்ள பழைய வண்டிகளில் மெதுவான ஓட்டத்தில் அநேகமாகச் சார்ஜே ஏறாது.

முதலில் ஒலியைக் கேட்க வேண்டும்

பழுது எங்கே என்று அறியக் கருவி எதுவும் இல்லாமலே பாதி வேலையைச் செய்துவிடலாம். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். காதும் கண்ணும் கவனமாக இருக்கட்டும்.

என்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் புகைந்து புறப்படவில்லை என்றால் பழுது பாட்டரியில் இல்லை. டீசல் வடிகட்டி அடைப்பு, டீசல் குழாயில் காற்றுப் புகுதல், சூடேற்றும் பிளக் உள்ள வண்டியில் அந்தப் பிளக் வேலை செய்யாமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இங்குள்ள குளிரில் டீசல் உறையாது.

என்ஜின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றி, விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரியில் சார்ஜ் குறைவு என்று கொள்ளலாம். "டிக்" என்ற ஒலி மட்டும் கேட்டு விளக்கு அடியோடு அணைந்தால், பாட்டரி முனையின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். விளக்கு சிறிதும் மங்காமல், செல்ஃப் மோட்டாரும் அசையாமல் இருந்தால் சாவி, கிளட்ச் அருகிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச், செல்ஃப் மோட்டாரின் மேலுள்ள சுவிட்ச், அவற்றுக்குச் செல்லும் ஒயர் ஆகியவற்றில் கோளாறு. இந்த நிலையில் புதிய பாட்டரி வாங்கினால் அந்தச் செலவு முழுவதும் வீண்.

பாட்டரி முனைகளும் எர்த் ஒயரும்

அடுத்துப் பார்க்க வேண்டியது பாட்டரியின் இரு முனைகள். அனுப்பர்பாளையம் பித்தளை, செம்புப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். செம்பில் புளிப்பு பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதும், அதைத் தடுக்கவே உட்புறம் ஈயம் பூசுகிறார்கள் என்பதும் இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாட்டரியிலும் நடப்பது அதுவே. அமில ஆவி செம்பு ஒயரின் முனையில் பட்டு, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடுகிறது. இந்தப் பூப்பு மின்சாரத்தைத் தடுக்கும்.

இந்தத் தடை பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 200 ஆம்பியர் பாயும்போது அந்த இடத்திலேயே 2 வோல்ட் வீணாகிவிடும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் செல்ஃப் மோட்டார் திணறும். விளக்கு குறைந்த மின்சாரத்தில் எரிவதால் அதில் வித்தியாசம் தெரியாது. "விளக்கு நன்றாக எரிகிறது, வண்டி மட்டும் எடுக்கவில்லை" என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம். இதே தடை, ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜையும் முழுமையாகப் பாட்டரிக்குப் போக விடாது.

முனைகளைக் கழற்றும்போது எர்த் ஒயரை, அதாவது நெகட்டிவ் முனையை, முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் சாவியை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்தே கழற்ற வேண்டும். பூப்பின் மேல் சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். சோடா நீர் பாட்டரியின் உள்ளே புகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பிறகு உப்புத்தாளால் முனையும் கவ்வியும் பளபளக்கும்வரை தேய்த்து, அசையாதபடி இறுக்கி, அதன்பின் மேலே வாஸ்லின் தடவ வேண்டும். ஒயர் முனை மாற்ற நேர்ந்தால் ஈயம் பூசிய செம்பு முனையைக் கேட்டு வாங்குவது நல்லது.

எர்த் ஒயர் டிராக்டரின் உடலில் இணையும் மறுமுனையை யாரும் கவனிப்பதில்லை. சேறும் துருவும் சேர்ந்து அங்கேதான் அதிகத் தடை உண்டாகிறது. அதையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். செல்ஃப் எடுத்து முடித்தவுடன் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தால், தளர்ந்த இணைப்பு சுடும். பாட்டரியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் தளர்ந்திருக்கக் கூடாது. உழவில் குலுங்கும் பாட்டரியின் தகடுகள் விரைவில் உதிரும்.

கிணற்று நீர் கூடாது

மூடி திறக்கும் வகைப் பாட்டரியில் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் பாட்டரிக்கென்று விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். நொய்யல் படுகையின் கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உப்பு அதிகம். அந்த உப்பும் இரும்புச் சத்தும் தகடுகளைக் கெடுத்துவிடும். குடிக்க உதவும் கேன் தண்ணீரிலும் தாது உப்பு இருப்பதால் அதுவும் ஆகாது. ஆவியாவது தண்ணீரே ஆதலால், சார்ஜ் குறைந்துவிட்டது என்று அமிலத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தீக்குச்சியோ விளக்கோ பிடிக்கக் கூடாது. பீடி, சிகரெட்டும் கூடாது. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பற்றி வெடிக்கும். டார்ச் விளக்கே பாதுகாப்பானது.

அமிலத்தின் அடர்த்தியைப் பாட்டரிக் கடையில் ஹைட்ரோமீட்டர் கொண்டு பார்ப்பார்கள். முழுச் சார்ஜில் அது 1.240 முதல் 1.280 வரை, பாட்டரியின் வகைக்கேற்ப இருக்கும். ஆறு அறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். எல்லா அறைகளும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். சார்ஜ் ஏற்றினால் சரியாகும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்து நின்றால் அந்த அறை கெட்டிருக்கிறது. அப்போதுதான் பாட்டரியை மாற்ற வேண்டும். மூடி இல்லாத பாட்டரிகளில் உள்ள பச்சைக் கண் ஓர் அறையின் நிலையை மட்டுமே காட்டும். அதை மட்டும் நம்ப முடியாது.

ஃபேன் பெல்ட்

சார்ஜ் கோளாறுகளில் மிக எளிதானதும், மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் பெல்ட் தளர்வே. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்குகிறது; என்ஜின் ஓடினாலும் ஆல்டர்னேட்டர் போதிய வேகத்தில் சுற்றாது. பழைய பெல்ட் குளிரில் விறைத்துப்போகும். பனி ஈரமும் சேர்ந்தால் புறப்பட்ட சில நிமிடங்களுக்குக் கீச்சிடும். இந்தக் கீச்சொலி குளிர்காலத்தில் கிடைக்கும் நல்ல எச்சரிக்கையாகும். உட்பக்கம் பளபளப்பாகவோ வெடித்தோ இருந்தால் பெல்ட்டை மாற்ற வேண்டும். எண்ணெய் படக் கூடாது. அளவுக்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங் தேயும். பெல்ட்டைத் தொடுமுன் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும்.

மீட்டர் சொல்லும் செய்தி

எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை இரண்டு மூன்று விவசாயிகள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டால் வீண் செலவு பலவற்றைத் தவிர்க்கலாம். அதை 20 வோல்ட் நேர் மின்சார அளவில் வைத்து, பாட்டரியின் இரு முனைகளிலும் தொட்டு நான்கு முறை பார்க்க வேண்டும்.

ஒன்று: இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடுமுன். 12.5 முதல் 12.7 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12.0க்குக் கீழே என்றால் மிகக் குறைவு.

இரண்டு: செல்ஃப் எடுக்கும்போது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முன் சோதனையில் முழுச் சார்ஜ் காட்டிய பாட்டரி இப்போது சட்டென்று இறங்கினால் பாட்டரி பழுது. அதே நேரத்தில் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் கோளாறு.

மூன்று: என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது. 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். குளிரில் இதைவிடச் சிறிது கூடுதலாகக் காட்டினால் குறையில்லை. 13 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். 2020ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டினால் இந்த அளவு மாறுபடலாம். வண்டியின் கையேட்டைப் பார்க்கவும்.

நான்கு: அதே வேகத்தில் எல்லா விளக்குகளையும் போட்டு. இப்போதும் 13.5க்குக் குறையாமல் நிற்க வேண்டும். விளக்கு போட்டதும் 12.5க்கு இறங்கினால் பெல்ட், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ், டையோடு ஆகியவற்றை எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

சிவப்பு விளக்கும் இரவுக் கசிவும்

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் இல்லை. சாவி போட்டவுடன் எரியவே இல்லை என்றால், "விளக்குத்தானே" என்று விட்டுவிடக் கூடாது. பல ஆல்டர்னேட்டர்கள் அந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரத்தைக் கொண்டே வேலை தொடங்குகின்றன. அந்தச் சிறிய பல்பு பழுதானால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காமல் நின்றுவிடுவது உண்டு. குறைந்த செலவில் பல்பை மாற்றினால் தீரும் பழுதுக்காக ஆல்டர்னேட்டரையே மாற்ற நேரக் கூடாது.

சார்ஜ் சரியாக இருந்தும் காலையில் பாட்டரி இறங்கியிருந்தால் இரவில் எங்கோ மின்சாரம் கசிகிறது. வண்டியில் பின்னர் சேர்த்த பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, உரசிய ஒயர் ஆகியவை காரணமாகலாம். 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பாட்டரி நான்கு நாளில் பாதிக்குக் கீழே வந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்தபின் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்தக் கசிவும் ஒரு மாதம் தொடர்ந்தால் 36 ஆம்பியர்-மணி ஆகிவிடும். எனவே பல நாட்கள் நிற்கும் டிராக்டரில் எர்த் ஒயரைக் கழற்றி வைப்பதே சிறந்தது.

செய்யக் கூடாதவை

என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றி, "என்ஜின் நிற்காவிட்டால் சார்ஜ் வருகிறது" என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகளும் ரெகுலேட்டரும் கருகிவிடும். வண்டியில் வெல்டிங் செய்யும்போதும் பாட்டரி ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும்.

டிராக்டரின் அருகே தரையில் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துப் புறப்படச் செய்வது உயிருக்கு ஆபத்தானது. அப்போது கியர் விழுந்திருந்தால் டிராக்டர் பாய்ந்து நகரும். நிற்பவரின் மேல் பின் சக்கரம் ஏறிவிடும். எவ்வளவு அவசரமானாலும் இருக்கையில் அமர்ந்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்தே புறப்படச் செய்ய வேண்டும். கிளட்சை மிதிப்பதால் தடித்த கியர் எண்ணெயின் சுமை என்ஜினுக்கு இராது. குளிரில் இது பெரிதும் உதவும். ஒரு முயற்சி 15 விநாடிக்கு மேல் நீடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

அவசரத்துக்கு வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுக்கலாம். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரியின் 24 வோல்ட்டிலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் பாசிட்டிவ் முனைகளை இணைக்க வேண்டும். பிறகு நெகட்டிவ் ஒயரை நல்ல பாட்டரியில் மாட்டி, அதன் மறுமுனையைப் புறப்படாத வண்டியின் பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். பொறி பறந்தாலும் பாட்டரி வாயுவில் பற்றாது. இவ்வாறு புறப்பட்ட வண்டியின் பாட்டரி இறங்கியே இருக்கும். அன்றே பாட்டரிக் கடையில் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பாட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 75 ஆம்பியர்-மணிக்கு 7.5 ஆம்பியர் என்பது பாதுகாப்பான அளவு.

கார்த்திகையிலேயே செய்ய வேண்டியவை

மார்கழி பிறந்தபின் அவதிப்படுவதைவிடக் கார்த்திகையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது மேல். தண்ணீர் மட்டம், முனைகள், எர்த் ஒயர், பெல்ட், சிவப்பு விளக்கு ஆகிய ஐந்தையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். டிராக்டரை வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நடுத்தர வேகத்தில் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடம் மெதுவாக ஓட விட்டு நிறுத்துவது பாட்டரிக்கு நன்மை செய்யாது. புறப்படச் செய்த செலவே மிஞ்சும். என்ஜின் எண்ணெயைக் கையேட்டில் குறித்த தரத்திலேயே ஊற்ற வேண்டும். தடித்த எண்ணெய் நல்லது என்று எண்ணி மாற்றினால் குளிரில் என்ஜின் சுற்றுவது கடினமாகும்.

எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு பாட்டரியே பழுது என்று தெரிந்தால் தாராளமாக மாற்றலாம். வண்டிக்குக் குறித்த ஆம்பியர்-மணி அளவிலேயே வாங்க வேண்டும். தயாரித்த மாதத்தைப் பார்த்து, நெடுநாள் கடையில் கிடந்ததைத் தவிர்த்து, உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் பெற வேண்டும். பழைய பாட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பாட்டரிகள் முறையாகத் திரும்பிச் சேர வழி செய்துள்ளன. அதை உடைத்து ஈயம் எடுப்பதோ அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதோ நிலத்துக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சாகும்.

புதிய பாட்டரி மாட்டிய அன்றே என்ஜினை ஓட விட்டு, விளக்குகளைப் போட்டு, மீட்டரில் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும். கடையிலேயே இதைச் செய்து காட்டும்படி கேட்கலாம். அந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவறாமல் செய்தால், ஒரே குறைக்காக இரண்டாம் முறை பாட்டரி வாங்கும் செலவு நேராது.